தலைக்கு மேல் போகாத தோட்டா

வலது காதில் பஞ்சை அடைத்துக்கொள்கிறார் உடையப்பன். இடது காது திறந்தே இருக்கிறது. "ரெண்டையும் அடைச்சுட்டா அப்புறம் நான் எதுக்கு சார் இங்க இருக்கேன்?" என்கிறார்.

அவர் இருக்குமிடம் ஒரு குழி. துபாய்க்கு வெளியே, மணல்வெளியில் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்று இருக்கிறது. சுடுபவர்கள் நிற்கும் மேடையிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி, மண்மேட்டுக்குப் பின்னால், ஆள் உயரத்தைவிட ஆழமான கான்கிரீட் குழி. சங்கிலியை இழுத்து இலக்கு அட்டையை மேலே ஏற்றுவார். குண்டுகள் தலைக்கு மேலே பறந்து அட்டையைத் துளைக்கும். இறக்கச் சொன்னதும் இறக்கி, எங்கே பட்டது என்று வாக்கிடாக்கியில் சொல்லிவிட்டு, துளைகளை ஒட்டி மறுபடி ஏற்றுவார். ஒன்பது வருடமாக இதுதான் டூட்டி.

ஒட்டுவதற்குக் கிளப் கொடுக்கும் ஸ்டிக்கர் வெயிலில் சுருண்டுவிடுகிறதாம். தான் தங்கியிருக்கும் அல் கூஸ் தொழிலாளர் கேம்ப் சமையலறையில் மைதா பசை காய்ச்சி, ஊறுகாய் டப்பாவில் கொண்டுவருகிறார். சிவகங்கைப் பக்கம் இருக்கும் மனைவி பூவாயியிடம் "அட்டை ஒட்டுற வேலை" என்றுதான் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் ஏதோ பெட்டி கம்பெனி என்று நினைத்து நிம்மதியாக இருக்கிறார். பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்பது இவர் கட்சி.

இத்தனை வருடத்தில் ஒரு துப்பாக்கியைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் சத்தம் தெரியும். முதலில் தலைக்கு மேலே சாட்டையைச் சொடுக்கியது போல ஒரு 'சடக்'. அதற்குப் பின்னால்தான் தொலைவிலிருந்து வெடிச்சத்தம் வந்து சேரும். சொடுக்கில் இருக்கும் வித்தியாசத்தை வைத்தே "இது ஹபீப் பாய் அடைச்ச தோட்டா" என்பார்.

ஹபீப் முகம்மது கீழக்கரைக்காரர். கிளப்பின் ஆயுதப் பட்டறை அவர் பொறுப்பு. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ராணுவத் துப்பாக்கிகள் ஆறு அங்கே இருக்கின்றன. அவற்றுக்குப் பொருந்தும் தோட்டா இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை. முறையாக அனுமதி வாங்கி, காலிக் கூடுகளில் வெடிமருந்தும் குண்டும் வைத்து அவரே கையால் தயாரிக்கிறார். உறுப்பினர்களிடம் கொடுக்கும் முன்பு ஒவ்வொரு தொகுதியிலும் ஐந்து தோட்டாவைத் தானே சுட்டுப் பார்ப்பார். அடைத்தவன்தான் முதலில் சுட வேண்டும் என்பது அவர் வைத்திருக்கும் ஒழுங்கு.

கிளப்பின் வாக்கிடாக்கிகளைப் பார்த்துக்கொள்பவன் நான். சென்ற பிப்ரவரியில் ஒரு காலை, குழியில் இருந்த கருவி கரகரக்கிறது என்று போயிருந்தேன். அன்று ஹபீபின் புதுத் தொகுதிக்குச் சோதனை. ஒவ்வொரு முறையும் எத்தனையாவது தோட்டா என்று சொல்லிவிட்டு, வாக்கிடாக்கியை மேசைமேல் வைத்து, காதுமூடியைச் சரிசெய்துகொண்டு சுடுவார். பக்கத்து மேடையில் நாலைந்து பேர் பெரிய துப்பாக்கிகளை வைத்து அதிர அதிரச் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று சொடுக்கு, அட்டையில் மூன்று துளை. துளைகளின் வழியே வானம் தெரிந்தது.

"நாலு" என்றார் ஹபீப். நாங்கள் காத்திருந்தோம். பக்கத்து மேடைச் சத்தம்தான் கேட்டது. உடையப்பன் தலையைத் தூக்கி அட்டையைப் பார்த்தார். அதே மூன்று துளை. கொஞ்ச நேரத்தில் ஹபீபின் குரல் "அஞ்சு" என்றது.

உடையப்பன் வாக்கிடாக்கியில் "பாய், நில்லுங்க" என்றார். பதில் இல்லை. காதுமூடி ஏறிவிட்டது. அவர் கருவியை என் மடியில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் சங்கிலியை இழுத்து அட்டையைத் தரைக்கு இறக்கிவிட்டார்.

சுடுபவர் சொல்லாமல் அட்டை இறங்கக் கூடாது. அப்படி இறக்கியதற்காக ஒருவரை வேறு சைட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். உடையப்பனுக்கும் அது தெரியும்.

என் மடியில் வாக்கிடாக்கி இரைந்தது. "உடையப்பா, யாரு இறக்கச் சொன்னா?" நான் கருவியை எடுத்து உடையப்பன் வாயருகே பிடித்தேன்.

"நாலாவது இங்க வரலை பாய்."

"குறி தப்பிப் போயிருக்கும்."

"தப்பினாலும் என் தலைக்கு மேலதான போகணும்? வரவே இல்லை. அடுத்ததச் சுடாதீங்க. பேரலுக்குள்ள பாருங்க."

ஹபீப் எல்லோரையும் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். மேடைப் பக்கம் எல்லாத் துப்பாக்கிகளும் அடங்கின. நான்காவது குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருந்தால், ஐந்தாவது அதன்மேல் மோதி, துப்பாக்கியே வெடித்திருக்கும். அதுவும் ஹபீபின் கன்னத்துக்குப் பக்கத்தில். உடையப்பன் சங்கிலியை விடவில்லை.

பல நிமிடம் கழித்துக் குரல் வந்தது. மெதுவாக, யாரோ புதியவர் பேசுவது போல. "உள்ளதான் இருக்கு, உடையப்பா."

உடையப்பன் சங்கிலியை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தார். பெரிதாக மூச்சு விட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஹபீப் இருநூறு மீட்டரும் நடந்தே வந்தார். குழியின் படிகளில் இறங்கும்போதே பேசத் தொடங்கிவிட்டார். நாலாவதைச் சுட்டபோது தோளில் உதை கம்மியாகத்தான் இருந்ததாம். இந்தத் தொகுதிக்கு மருந்தைக் குறைத்திருந்ததால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாராம். பக்கத்து இரைச்சலில் தன் துப்பாக்கிச் சத்தமே தனக்குக் கேட்கவில்லையாம். அந்தக் கூட்டில் மருந்து விழாமலே போய், அடியில் இருக்கும் பற்றவைக்கும் பொட்டு மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் தள்ளியிருக்க வேண்டுமாம். மிச்சத் தொகுதியை அப்படியே பிரித்துப் போட்டுவிடப் போகிறாராம்.

உடையப்பன் இதில் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. ஹபீபின் வலது கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை விட்டுவிட்டு, இடது கையை நீட்டச் சொன்னார்.