அறுந்தால்தான் நல்ல கட்டு

என் கணவர் வெல்டர். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் இருபது வருடத்துக்கும் மேலாக இரும்பை இரும்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறார். ஆடுகிற எதையும் அவரால் சும்மா விட முடியாது. கட்டில் ஆடினால் ஒரு வெல்டிங், கேட் ஆடினால் இரண்டு வெல்டிங். வீட்டுக்கு அது நல்லதுதான். குதிரைக்கு ஆகாது. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

நெமிலிச்சேரியில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் ஷெட் போட்டு ஒரு பெண் குதிரை வைத்திருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் அடுக்குமாடிப் பிள்ளைகளுக்குச் சவாரி கற்றுக்கொடுக்கிறேன். ஷெட் சுவரில் ஓர் இரும்பு வளையம். அதில் ஒரு சணலைச் சுற்றி, அந்தச் சணலில்தான் குதிரையின் முகப்பட்டையில் மாட்டிய கயிற்றைக் கட்டுவேன். குதிரை மிரண்டு பின்னால் இழுத்தால் சணல் அறுந்துவிடும், கழுத்து தப்பிக்கும். இவ்வளவுதான் விஷயம்.

"அறுந்து போறதுக்குன்னே யாராவது கட்டுவாங்களா? இன்னாமே உன் கணக்கு?" என்பார். "பிச்சிகினு தண்டவாளத்துப் பக்கம் போச்சுன்னா?"

"கேட்டு சாத்திகீது. எங்க போவும்?"

செவிடன் காதில் ஊதிய சங்கு.

ஒரு சனிக்கிழமை காலை நான் கேரட் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். அந்த அரைமணி நேரத்தில் சணலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வளையத்தில் சங்கிலியை வைத்துப் பற்றவைத்து, குதிரையையும் அதில் கட்டி வைத்திருந்தார். கேட்டால் கத்துவேனாம், அதனால் கேட்கவில்லையாம்.

நான் வந்து அதைப் பார்த்து வாயைத் திறப்பதற்குள், தெருமுனையில் இருந்த கல்யாண பேனர் காற்றில் பிய்த்துக்கொண்டு வந்து ஷெட் தகரத்தில் படாரென்று அடித்தது. குதிரை பின்னால் பாய்ந்தது. சங்கிலி விடவில்லை. அவர் கைவேலை, எப்படி விடும்? சிமெண்டுத் தரையில் பின்னங்கால்கள் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் குதிரை தொங்கியது. மூச்சு கரகரத்தது.

இந்த மனிதர் சங்கிலியை அறுக்க ஆக்சா பிளேடு தேடி ஓடினார்!

"யோவ், சங்கிலிய உடுய்யா! மூஞ்சில கீற பட்டைய அறு!"

அவர் காதில் விழவில்லை. ஷெட்டில் வைத்திருந்த கேரட் நறுக்கும் கத்தியை எடுத்து நானே தாடையோரப் பட்டையை அறுத்தேன். அறுந்ததும் குதிரை பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. எழுந்திருக்கவில்லை. செத்துவிட்டது என்றே நினைத்தேன். அவர் பிளேடும் கையுமாக வந்து அதன் தலைமாட்டில் உட்கார்ந்து, "எந்திரிம்மா, எந்திரி" என்றார். யாரிடமும் அவர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அப்போதும் எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அது உடம்பை உதறிக்கொண்டு எழுந்தது. காதுக்குப் பின்னால் தோல் உரிந்திருந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

சங்கிலியை அவரே அறுத்து எடுத்தார். புண் ஆறியதும் நான் மறுபடி சணல் கட்டினேன். அவர் வந்து அதை இரண்டு கையாலும் பிடித்து, சுவரில் காலை ஊன்றி இழுத்தார். அறுந்தது.

"இப்போ சரியா கீது" என்றார்.

ஒரு கட்டு அறுந்ததற்கு அந்த மனிதர் சந்தோஷப்பட்டு அன்றுதான் பார்த்தேன். இப்போது தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் வந்து இழுத்துப் பார்க்கிறார். தினமும் அறுந்துவிடுகிறது. தினமும் நான்தான் புதிதாகக் கட்டுகிறேன்.