சொந்த வீட்டுக்காரரின் பழைய மூலை

பிளம்பர் என்று கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். காண்ட்ராக்டர் என்று சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஸ்பேனரும் கையுமாகக் கடல் கடந்து வந்தவர். அந்த நகரத்தில் எத்தனையோ கட்டடங்களுக்குத் தண்ணீர் ஏற்றியது அவர் கைதான். யார் சிபாரிசும் இல்லை, யார் தயவும் இல்லை. அப்படி நிமிர்ந்த மனுஷன் கொஞ்சம் சத்தமாகப் பேசினால்தான் என்ன?

அந்த வருஷம், தானே குழாய் போட்ட கட்டடத்தில் மூன்றாம் மாடி ஃபிளாட் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்தார். மனைவியும் மகளும் வந்து கூடவே இருக்க வேண்டும். விடுமுறைக்கு மட்டும் விருந்தாளி போல வீட்டுக்குப் போய்த் திரும்பும் பிழைப்பு அவருக்கு அலுத்துவிட்டது.

முன்பணம் கொடுத்த கையோடு இன்னொரு காரியமும் செய்தார். தையல்காரர் ஒருவரோடு வருஷக்கணக்காகப் பகிர்ந்திருந்த வாடகை அறையைக் காலி செய்தார். கட்டிலையும் அடுப்பையும் கேட்டவர்களுக்குத் தூக்கிக் கொடுத்தார். ஒப்பந்தத்திலிருந்து தன் பேரையும் அடிக்கச் சொல்லிவிட்டார். வீடு பதிவாகட்டுமே என்று தையல்காரர் இழுத்துப் பார்த்தார்.

"சொந்த வீட்டுக்காரனுக்கு எதுக்குப்பா வாடகைக்காரன்னு ஒரு பேரு? நீ காலம் பூரா இந்த மூலையிலேயே ஊசி கோத்துக்கிட்டு இரு."

சாவி கைக்கு வரும்வரை லாட்ஜ் போதும் என்று பெட்டியோடு போனார். அதில்தான் ஆப்பு காத்திருந்தது. குடியிருப்பு அனுமதி அடுத்த மாதம் முடிகிறது, புதுப்பித்து வந்தால்தான் வெளிநாட்டுக்காரர் பேரில் வீடு பதிவாகும் என்றார்கள் பதிவு அலுவலகத்தில். அனுமதி அலுவலகத்துக்கு ஓடினார். எங்கே குடியிருக்கிறீர்கள், வீட்டுப் பத்திரமோ வாடகை ஒப்பந்தமோ காட்டுங்கள் என்றார்கள். லாட்ஜ் ரசீதை நீட்டினார். கவுன்ட்டரில் இருந்த பெண் அதை ஒரு விரலால் திருப்பித் தள்ளினாள். அனுமதி முடிந்தால் வீடு மட்டுமல்ல, அந்த நாடே கிடையாது.

லாட்ஜ் அறையின் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். போனில் மனைவி, திரைச்சீலைக்கு ஜன்னல் அளவு கேட்டாள். அளவைத் தப்பில்லாமல் சொன்னார். மற்றதை எப்படிச் சொல்வது? பார்த்தவர்களிடமெல்லாம் வீடு வாங்கிவிட்டதாக முழங்கியிருந்தார். அதனால் டீக்கடைப் பக்கமே போகாமல் சுற்றுவழியில் வேலைக்குப் போனார். நாள் முழுக்க அவர் பேச்சைக் கேட்க ஆளில்லை.

கடைசியில் ஒரு சாயங்காலம் பழைய அறை வாசலில் போய் நின்றார். தையல்காரர் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"வாங்கண்ணே. குழாய் ஒழுகுது, அதைப் பாக்க வந்தீங்களா?"

ஆமாம் என்றார். வாஷரை மாற்றினார், கையைத் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே, "என் பேரை மறுபடி போடணும்பா" என்றார்.

தையல்காரர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. வெட்டிய துணியை மடித்து வைத்துவிட்டு, அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரிடம் அவரை அழைத்துப் போனார். பேர் ஏறியது. அனுமதி வந்தது. வீடும் பதிவானது.

சாவியை வாங்கியதும் ஊருக்குப் போன் போட்டார். மகளுக்கு அங்கேயே வேலை கிடைத்திருந்தது. "அவளைத் தனியா விட்டுட்டு நான் எப்படிங்க வர்றது? கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள் மனைவி. வீடு எங்கே ஓடிவிடப் போகிறது என்று பெரிதாகச் சிரித்தார். காலி அறையில் அந்தச் சிரிப்பு அவருக்கே என்னவோ போல இருந்தது.

அடுத்த வாரம் தையல்காரர் போனில் கூப்பிட்டார். புது ஆள் ஒருத்தன் இடம் கேட்கிறான், பேரை அடித்துவிடலாமா என்று கேட்டார்.

"வேண்டாம்பா. என் பங்கு வாடகையை நானே குடுத்துடறேன்."

"சொந்த வீட்டுக்காரருக்கு இந்த மூலை எதுக்குண்ணே?"

காண்ட்ராக்டர் காலி ஃபிளாட்டை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

"அந்தக் குழாய் மறுபடி ஒழுகும். நான் வந்து பாக்கணும்" என்றார்.