கண்ணாடிக்கு அப்பால் ஒரு கை

யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் பந்து வீசிய கையாலேயே இத்தாலியின் பலெர்மோவில் ஒரு பேஸ்போல் குழுவுக்குப் பந்தெறிந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் தோள் போனது, ஆட்டமும் போனது. அப்போதுதான் ஒரு சிறிய வானொலி நிலையம் ஞாயிறு மாலையில் தமிழுக்கு அரைமணி நேரம் தந்து என்னைப் பேச அழைத்தது. சொதப்பினால் அதுவும் போய்விடும்.

ஊரில் சண்டை. பலெர்மோவின் பல்லரோ சந்தைப் பகுதியில் எங்கள் ஆட்கள் செய்திக்காக வானொலியைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. நான் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை பேரில் யாரைப் பார்த்துப் பேசுவது?

மைதானத்தில் என் பந்துகளைப் பிடித்த சால்வோ துணைக்கு வந்திருந்தான். ஒலிபரப்பு அறையின் கண்ணாடிக்கு அப்பால் நின்று என் தவிப்பைக் கண்டதும் நாற்காலிமேல் ஏறி, ஆட்டத்தில் குந்துவதுபோலவே குந்தி, உள்ளங்கையை விரித்துக் காட்டினான். இங்கே எறி என்று அர்த்தம்.

அந்தக் கையைப் பார்த்து, "எல்லாரும் சுகமா இருக்கிறியளோ?" என்றேன். பிறகு செய்தி முழுவதையும் அவனுக்கே சொன்னேன்.

மறுநாள் சந்தையில் மன்னார் அக்கா ஒருவர் மறித்தார். "தம்பி, என்னோடை மட்டும் கதைச்ச மாதிரி இருந்தது."

நான் கதைத்ததோ, தமிழில் ஒரு சொல்லும் தெரியாதவனோடு.

இன்றும் அந்தப் பயம் போகவில்லை. விளக்கு எரிந்ததும் கண்ணாடிக்கு அப்பால் அந்தக் கையைத்தான் தேடுகிறேன்.