அரைப் புள்ளிக்காரி

செஸ் கிளப்பில் அவளுக்கு ‘டிரா’ என்றே பெயர். லிஃப்ட் மெக்கானிக்கின் ஒரே மகள், வயது பதினாறு. யாரோடு மோதினாலும் ஆட்டத்தைச் சமன் செய்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். இதைத் திறமை என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. பயம் என்பதும் சரியாகாது. தனக்கு எவ்வளவு போதும் என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இளையோர் போட்டியின் கடைசிச் சுற்றில் அவளுக்கு வேண்டியது அரைப் புள்ளி. சமன் செய்தால் நகர அணியில் கடைசி இடம் அவளுக்கு. தோற்றால் இல்லை; அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்.

வெள்ளைக் காய்கள். வழக்கம்போல இத்தாலியன் ஓப்பனிங், அதிலும் பரம சாதுவான வகை: குதிரைகளை வெளியே விட்டு, ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் ஏற்றி, ராஜாவைக் கோட்டைக்குள் வைத்துவிட்டு, காய்களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவது. எதிரே இருந்த இரட்டைச் சடைக்காரி தன் ராஜாவை ஏற்கெனவே கோட்டைக்குள் வைத்துவிட்டாள்.

ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் நகர்த்திக் கோட்டை கட்டும்போது ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும். வீட்டில் அப்பாவோ யானையைத் தூக்கி வைத்த பிறகுதான் ராஜாவைத் தேடுவார். அவரோடு ஆடி ஆடி இவளுக்கும் அதே கைப்பழக்கம். விரல்கள் யானையின் மேல் போய் நின்றன. இரட்டைச் சடைக்காரி நடுவரைக் கூப்பிட்டாள்.

“ஆமா சார், யானையைத்தான் முதல்ல தொட்டேன்” என்றாள் இவள்.

அப்படியென்றால் யானைதான் நகர வேண்டும் என்றார் நடுவர்.

யானை பக்கத்துக் கட்டத்துக்குப் போனது. இனி கோட்டையும் இல்லை, சாதுவான ஆட்டமும் இல்லை. அந்த இடத்தில் யானைக்கு ஒரே வேலைதான்: முன்னால் நின்ற சிப்பாய்க்குத் துணை போவது. சிப்பாயைத் தள்ளினாள். மறுபடியும் தள்ளினாள். சிப்பாய்கள் வெட்டுப்பட்டு வழி திறந்ததும் யானை நேராக எதிரி ராஜாவின் முகத்தைப் பார்த்தது. இரட்டைச் சடைக்காரி நகத்தைக் கடித்தபடி வெகுநேரம் யோசித்து, கடைசியில் டிரா கேட்டாள்.

இவள் பலகையை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டுக் கை கொடுத்தாள்.

வெளியே வராந்தா ஜன்னல் வழியாக ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா பிடித்துக்கொண்டார். முதலில், யானையை ஏன் தொட்டாய் என்று கேட்டார்.

“உங்க பொண்ணுதானேப்பா.”

“சரி, அதை விடு. கையில இருந்த ஆட்டத்தை விட்டுட்டியேம்மா. இன்னும் நாலு மூவ்ல அவ கதை முடிஞ்சிருக்கும்.”

“எந்த நாலு?”

முதல் மூவைச் சொன்னார். இரண்டாவதில் இழுத்தார். மூன்றாவதற்குக் கூரையைப் பார்த்தார்.

“எனக்கும் அங்கதான்பா நின்னுபோச்சு” என்றாள்.

அணியின் கடைசிப் பெயரை நடுவர் வாசித்தபோது அவள் வாய் நிறைய பன். மென்று விழுங்கிவிட்டுத்தான் எழுந்தாள். அதற்குள் அப்பா பத்துப் பேருக்குச் சேர்த்துக் கைதட்டி முடித்திருந்தார்.