காலி டிரம்கள் போன வீடுகள்

மாதக் கடைசியில் அந்தத் தாள் வரும். ஃபேக்ஸ் இயந்திரம் முனகிக்கொண்டே அதை வெளியே தள்ளும். சூடாக, சுருண்டு வரும். நீவி வைத்தால் மறுபடி சுருண்டுகொள்ளும். கடலுக்கு அப்பால் இருந்த தாய்க் கம்பெனி தன் கிளைக் கம்பெனிகள் அத்தனைக்கும் ஒரே தாளைத்தான் அனுப்பியது. பனி கொட்டும் ஊருக்கும் அதே கேள்விகள், அம்பத்தூருக்கும் அதே கேள்விகள். எவ்வளவு தண்ணீர் எடுத்தீர்கள், எவ்வளவு வெளியே விட்டீர்கள், எதை எரித்தீர்கள், எதை எங்கே கொட்டினீர்கள்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. எங்கள் ஆலையில் இரும்புப் பாகங்களுக்கு நிக்கல் முலாம் பூசுவோம். அதன் ஆய்வுக்கூடத்தில் நான் கெமிஸ்ட். "தண்ணிய டெஸ்ட் பண்றது நீதானேம்மா, இதையும் சேத்துப் பாத்துக்கோ" என்று மேலாளர் ஒரு மதியம் சொன்னார். அவ்வளவுதான். எங்கள் ஆலை, ஆவடி சாலையில் இருந்த ரப்பர் ஆலை, பூந்தமல்லி தாண்டி இருந்த பெயின்ட் ஆலை ஆகிய மூன்று கம்பெனிகளின் சுற்றுச்சூழல் பொறுப்பும் என்னிடம் வந்தது. மூன்றுக்கும் முதலாளி ஒருவரே என்பது தாளில்தான் தெரியும். ஆவடியில் தண்ணீரை லாரிக் கணக்கில் சொன்னார்கள். பூந்தமல்லியில் மோட்டார் ஓடிய மணிக்கணக்கில் சொன்னார்கள். எங்களிடம் மீட்டர் இருந்தது; அது ஓடவில்லை. நான் பஸ் மாறி, பஸ் மாறி, மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு இந்த மூன்று மொழிகளையும் ஒரே எண்ணாக மாற்றிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வெயிலில் ஆலைக் கூரைகள் நெளிந்தன. அந்த வயதில் எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. இந்த வேலை அதற்குத் தோதாக இருந்தது.

தாளின் கீழ்ப்பகுதியில் ஒரு வரிசை: காலி டிரம்கள். எத்தனை வந்தன, எத்தனை மீண்டும் பயன்பட்டன, எத்தனை குப்பைக்குப் போயின.

இந்த ஒரு வரிசைக்கு மட்டும் நான் யோசிக்கவே வேண்டியதில்லை. எங்கள் ஆலையில் ஒரு டிரம் கூடக் குப்பைக்குப் போனதில்லை. ரசாயனம் வந்த நீலப் பிளாஸ்டிக் டிரம்கள் காலியானதும் மாதத்தின் முதல் சனிக்கிழமை சீட்டுக் குலுக்கல் நடக்கும். தொழிலாளிகள் பெயர் எழுதிப் போடுவார்கள். முலாம் தொட்டிகளைப் பார்த்துக்கொண்ட ஆபரேட்டர்தான் சீட்டை எடுப்பார். பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருகிறவர். எல்லாரும் அவரை அண்ணாத்தே என்பார்கள். பெயர் வந்தவன் டிரம்மை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி கேட்டைத் தாண்டுவான். தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தெருக்களில் பெரிய டிரம் இருக்கிற வீடு தனி மரியாதை உள்ள வீடு. நான் பெயர் எழுதிப் போட்டதில்லை. முகப்பேரில் எங்கள் குடியிருப்பின் மாடியில் தொட்டி இருந்தது.

எல்லா டிரம்களும் மீண்டும் பயன்பட்டன என்று மாதாமாதம் எழுதினேன். அதில் பொய் இல்லை.

ஒருநாள் பாராட்டு வந்தது. குழுமத்தின் எல்லாக் கம்பெனிகளிலும் டிரம்மைக் கொஞ்சமும் வீணாக்காத ஆலை எங்களுடையதாம். எப்படிச் செய்கிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறோம் என்றது தாள். மேலாளர் அதை நகல் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

எழுத உட்கார்ந்தேன். 'காலி டிரம்கள் தொழிலாளர்களுக்கு வழங்கப்படுகின்றன. அவர்கள் அவற்றை' என்று எழுதி, அதற்கு மேல் பேனா நகரவில்லை. மூன்று ஆலைக்கும் அலைந்து சொட்டுச் சொட்டாகக் கழிவுநீரைச் சோதித்தவள் நான். இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டி வந்தபோதுதான் அவர்கள் அதில் தண்ணீர் பிடித்துக் குடிக்கிறார்கள் என்ற மறுபாதி எனக்கே உறைத்தது.

முலாம் பிரிவுக்குப் போனேன். ஆபரேட்டர் தொட்டி ஓரத்தில் கம்பியில் பாகங்களை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, டிரம்மை எப்படிக் கழுவுவீங்க?"

"இன்னா மேடம் திடீர்னு. புளி போட்டுத் தேய்ப்போம், சோப்பு போட்டுத் தேய்ப்போம், மூணு நாளு வெயில்ல கவுத்துப் போடுவோம். கண்ணாடி கணக்கா ஆயிடும்."

"சோப்புக் கரைசல் வந்த டிரம்மும் இருக்கு, நிக்கல் வந்த டிரம்மும் இருக்கு. எது எந்த டிரம்னு எப்படித் தெரியும்?"

"எல்லாமே நீலந்தான மேடம்."

"மேல ஸ்டிக்கர் இருக்குமே. மண்டையோடு போட்டது."

"அத்த சுரண்டிட்டுத்தான் குலுக்கலுக்கே வெப்போம். இல்லாங்காட்டி ஊட்ல பொம்பளைங்க பயந்துக்கும்ல."

அவர் வீட்டிலும் ஒரு டிரம் இருந்தது. குலுக்கலில் விழுந்ததை மின்சார ரயிலில் காய்கறிக் கூடைகள் ஏறும் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனாராம். வீட்டில் மனைவியும், ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தையும். சோறு அந்தத் தண்ணீரில்தான், குழந்தைக்குக் கஞ்சியும் அந்தத் தண்ணீரில்தான். டிரம்மின் அடியிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்தார்.

நிக்கல் இருந்தால் காட்டிக்கொடுக்கும் கரைசல் ஒன்று ஆய்வுக்கூடத்தில் எப்போதும் இருக்கும். விட்டால் ரோஜா நிறம் வரும். தொட்டித் தண்ணீரில் அந்த நிறம் எனக்கு அழகாகத்தான் இருந்திருக்கிறது. அன்றைக்குச் சோதனைக் குழாயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். வெளிறிய ரோஜா. குழந்தையின் உள்ளங்கை நிறம். என் பின்னால் நின்று அவரும் பார்த்தார்.

"கொஞ்சூண்டுதான கீது" என்றார்.

"கொஞ்சம்தான். ஆனா இருக்கக் கூடாது. டிரம் எல்லாத்தையும் திரும்ப வாங்கணும்ணா."

அவர் காலிப் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். பிறகு சொன்னார்: "புடுங்கிகினு போயிடுவீங்க. லாரி வந்து நிக்கும். தண்ணிய எதுல புடிக்கிறது, உன் ஃபாரத்துலயா?"

மரியாதை விட்டுப்போயிருந்தது. எனக்கு அது நியாயமாகப் பட்டது.

மேலாளரிடம் போனேன். உண்மையை எழுதப் போகிறேன், திரும்ப வாங்கும் ஒவ்வொரு டிரம்முக்கும் புது டிரம் ஒன்று தரவேண்டும் என்றேன்.

"ஏம்மா, அவங்களே பாராட்டி எழுதியிருக்காங்க. நீயே போய் வாயக் குடுக்கறியே. வேணும்னா இனிமே காலி டிரம்மை வெட்டிப் போட்டுடலாம். வீட்டுக்குப் போனது போனதுதான். அது நம்ம காம்பவுண்டுக்குள்ள இல்லையே."

"தண்ணிக்கு அவங்க என்ன சார் பண்ணுவாங்க?"

"அதுக்கு நம்ம கம்பெனி என்ன பண்ண முடியும்?"

அவர் கெட்டவர் இல்லை. தாளில் காம்பவுண்டுச் சுவர் வரைக்கும்தான் கேள்வி இருந்தது. அவரும் அதுவரைக்கும்தான் பார்த்தார். நானும் அத்தனை மாதம் அப்படித்தானே பார்த்திருந்தேன்.

அன்று மாலை அந்த ஒரு பக்கத்தை எழுதி முடித்தேன். ஸ்டிக்கரைச் சுரண்டியதையும் ரோஜா நிறத்தையும் எழுதினேன். எங்கள் வழியை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்றும் எழுதினேன். கடைசியில், 'எடுக்கப்படும் நடவடிக்கை' என்ற கட்டத்தில், வீடுகளிலிருந்து திரும்பப் பெறும் ஒவ்வொரு டிரம்முக்கும் குடிநீர் வைக்கத் தகுந்த புது டிரம் ஒன்றை ஆலை வழங்கும் என்று எழுதினேன். அப்படி யாரும் சம்மதிக்கவில்லை. கையெழுத்து என்னுடையது மட்டும். ஃபேக்ஸ் அதை உள்ளே இழுத்துக்கொண்டது.

இரண்டாம் நாள் பதில் வந்தது. மிகச் சரியான நடவடிக்கை. எத்தனை டிரம் மாற்றப்பட்டது என்று அடுத்த மாதத் தாளில் சொல்லவும். மேலாளர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

"இது நான் சொன்னேனா?"

"இல்ல சார்."

"இப்ப நானே சொன்ன மாதிரி ஆயிடுச்சு." தாளை மடித்தார், பிரித்தார். "அவ்ளோ தூரத்துக்குச் சொல்லிட்டு இல்லன்னு சொல்ல முடியாது. போய் ஏற்பாடு பண்ணு. இனிமே எங்கிட்டக் காட்டாம ஒரு எழுத்து அனுப்பக் கூடாது." அதற்குப் பிறகு வெகுநாள் அவர் என்னை 'ஏம்மா' என்று கூப்பிடவில்லை. 'மேடம்' என்றார்.

புது டிரம்கள் வெள்ளை நிறத்தில் வந்தன. சைக்கிள்களில் நீலம் உள்ளே வந்தது, வெள்ளை வெளியே போனது. எல்லாம் வரவில்லை. ஒன்று ஒரு தொழிலாளியின் தங்கைக்குச் சீர்வரிசையோடு போயிருந்தது. ஒன்றை வாங்கியவன் கொரட்டூரில் வாடகை வீடு மாறி, எங்கே போனான் என்றே தெரியவில்லை. அவற்றைத் தாளில் 'திரும்பவில்லை' என்று எழுதினேன். அந்தக் கணக்கை முடித்துவிடுங்கள் என்று மேலிடம் இரண்டு முறை கேட்டது. நான் முடிக்கவில்லை.

ஆபரேட்டர் மட்டும் டிரம் கொண்டுவரவில்லை. "ஊட்ல குடுக்க மாட்டேங்குது மேடம். நீயே வந்து கேளு" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வேனில் வெள்ளை டிரம்மை ஏற்றிக்கொண்டு பட்டாபிராம் போனேன். அவர் மனைவி வாசலிலேயே நின்றாள். இடுப்பில் குழந்தை.

"ரெண்டு வருசமா இத்ததான் குடிச்சுகினு கீறோம். இப்ப வந்து விசம்னு சொல்றியேக்கா. எம் புள்ளைக்கு இன்னா ஆவும்?"

"தெரியலம்மா. கொஞ்சம்தான் இருந்துச்சு. டாக்டர்கிட்ட காட்டலாம், நானும் கூட வரேன்."

"தெரியலன்னு சொல்ல இத்தினி படிப்பா?"

வேனிலிருந்து வெள்ளை டிரம்மை இறக்கி வைத்தேன். ஆபரேட்டர் நீல டிரம்மைச் சாய்த்தார். தண்ணீர் தெருவில் ஓடியது; பக்கத்து வீட்டுப் பெண்கள் வெளியே வந்து, வீணாகிறதே என்று பார்த்தார்கள். லாரி வந்ததும் வெள்ளை டிரம்மை நிரப்பினார்கள். அவள் ஒரு டம்ளரில் மொண்டாள். குழந்தை கை நீட்டியது. அவள் டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

"மொதல்ல நீ குடி."

குடித்தேன். புதுப் பிளாஸ்டிக்கும் குளோரினும் கலந்த ருசி. டம்ளர் காலியாகும்வரை அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டம்ளரை வாங்கிக் கழுவி, மறுபடி மொண்டு, குழந்தையின் வாயில் வைத்தாள்.