செவ்வாய்க்கிழமை வடக்கே பறந்தேன்

தென்காசியிலிருந்து பம்பாய்க்கு ரயிலில் மூன்று நாள். மெட்ராஸில் வண்டி மாறக் காத்திருப்பது இன்னும் ஒரு நாள். அண்ணனின் கடிதம் கைக்கு வந்தது சனிக்கிழமை. அவன் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறுவது புதன்கிழமை விடியலில். ரயிலை நம்பினால் கப்பலின் புகையைக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். திரும்பி வர எத்தனை வருஷமோ!

வேறு சாதியில் பெண் கட்டியதிலிருந்து வீட்டில் அவன் பெயரையே எடுக்கக் கூடாது. நான் எடுத்தேன். திருவனந்தபுரத்திலிருந்து பம்பாய் ஆகாய வழியில் எண்ணூறு மைலுக்குச் சற்றுக் குறைவு. செவ்வாய் காலை விமானம் ஏறினால் பொழுது சாயுமுன் இறங்கிவிடலாம் என்றேன். பெரியப்பா குதித்தார்.

"ஏட்டி, செவ்வாக்கிழம வடக்க சூலம்லா? எவளாவது கெளம்புவாளா?"

"நான் கெளம்புதேன்."

அவர் சட்டென்று இறங்கி வந்தார். சரி, பரஸ்தானமாவது வைப்போம் என்றார். ஆகாத நாளில் பயணம் போகிறவர்களின் பெட்டியை நல்ல நேரத்தில் முன்கூட்டி இன்னொரு வீட்டில் கொண்டு வைப்பார்கள். பெட்டி புறப்பட்டால் ஆளே புறப்பட்ட மாதிரி. என் டிரங்குப் பெட்டி அன்றைக்கே குற்றாலத்து அத்தை வீட்டுக்குப் போயிற்று.

திங்கள் காலை ஜட்கா பிடித்தேன். குற்றாலம் மூன்று மைல். கார்த்திகை மழை விட்டு, அருவி இரைவது தெருமுனையிலேயே கேட்டது. அத்தை வாசலை மறித்து நின்றாள்.

"பெட்டியக் குடுக்கப்பிடாதுன்னு ஒங்க பெரியப்பா சொல்லி விட்ருக்காவ. பரஸ்தானம் வச்சத விட்டுட்டுப் போனா வெளங்காதுட்டி."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. என்ன தந்திரம்! விமானச் சீட்டுக்காக வளையலை விற்ற பணம் இடுப்பில் இருந்தது. கையில் ஒரு துணிப்பை. போதும்.

"அது இங்கனயே கெடக்கட்டும் அத்த. நான் போயிட்டு வாரேன்."

ஜட்காக்காரர், "எங்கனக்கா போவணும்?" என்றார்.

"பம்பாய்க்கு."

"குதிர செங்கோட்ட வரைக்குந்தான் போவும்" என்று சிரித்தார்.

செங்கோட்டையில் ரயில் ஏறி, மலைக் குகைப்பாதைகளில் கரிப்புகை தின்று, இரவு திருவனந்தபுரத்தில் சினேகிதி வீட்டில் படுத்தேன். செவ்வாய் காலை விமானத் திடலில் ஆளையே தராசில் ஏற்றி நிறுத்தார்கள். இடமோ இரண்டு பேருக்குத்தான். பெரிய பெட்டி கொண்டுவந்திருந்தால் ஏற்றியிருக்கவே மாட்டோம் என்றார் சிப்பந்தி. பெரியப்பாவுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

வழியெல்லாம் இடப்பக்கம் கடல். காது அடைத்தது, இரண்டு முறை வாந்தி எடுத்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வடக்கேதான் போனேன்.

அந்தியில் அண்ணன் தங்கியிருந்த விடுதிக் கதவைத் தட்டினேன். அவன் முதலில் என்னையும் பிறகு என் பின்னாலும் பார்த்தான்.

"ஏட்டி, நீயா! பெட்டி எங்கட்டி?"

"குத்தாலத்துல. பரஸ்தானம் வச்சிருக்கு."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்தபடியே அழுதுவிட்டான்.

பெரியப்பாவின் சாஸ்திரப்படி நான் இன்னும் குற்றாலத்தைத் தாண்டவில்லை. இருக்கட்டும். புதன் விடியலில் கப்பல் நகர்ந்தபோது, அண்ணன் துண்டை வீசிக் காட்டியது எனக்குத்தான்.