கரையில் நிற்பவர்களுக்கு ஒரு டாட்டா

துறைமுகத்தில் அவருக்குப் பெயர் மைக். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. சுற்றுலாப் படகின் முன்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, நாற்பது பயணிகளிடம் ஓயாமல் பேசுவதுதான் வேலை. கையில் பிடித்திருந்த மைக்கின் தலைப் பஞ்சு எப்போதோ பிய்ந்துபோனதால் பழைய காலுறை ஒன்றை மாட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தார். பார்க்கச் சகிக்காது. ஆனால் காற்றின் இரைச்சல் துளிகூட உள்ளே போகாது.

படகு கிளம்பியதும் அலைத்தடுப்புச் சுவரை ஒட்டிப் போகும். கலங்கரை விளக்கம் வரை நீளும் அந்தக் கல்பாதையில் எந்நேரமும் யாராவது நடந்துகொண்டிருப்பார்கள். அங்கே மைக் சொல்வார்: "கரையில நிக்கிறவங்களுக்கு எல்லாரும் ஒரு டாட்டா சொல்லுங்க." நாற்பது கைகளும் மேலே போகும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறிய கணவன் மனைவிகூட அந்த இடத்தில் சமாதானமாகிவிடுவார்கள்.

பிறகு விரிகுடாவின் வாயில் ஒற்றைப் பாறை. இன்ஜினை நிறுத்தி, பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றிய தூண்டில் நரம்பையும் நாலு இறால் துண்டையும் ஆளுக்குக் கொடுத்து, அரை மணி நேரம் மீன் பிடிக்க விடுவார்கள். பயப்பட வேண்டாம், விவரம் தெரிந்த மீன் எதுவும் இந்தப் பக்கம் வராது என்று மைக் தைரியம் சொல்வார். எல்லாரும் தூண்டிலைப் போட்டுவிட்டு அடங்கியதும், குரலைத் தாழ்த்திப் பாறையின் கதையை ஆரம்பிப்பார்.

ஒரு படகோட்டி. அவன் நேசித்த பெண். கல்பாதையின் முனையில் அவன் காத்திருக்க, அவனிடம் வந்துகொண்டிருந்தவளின் படகு புயலில் இந்தப் பாறையில் மோதி உடைகிறது. அவனோ இன்னும் காத்துக்கொண்டே இருக்கிறான். கைக்குட்டை எடுக்காத ஆளே படகில் இருக்க மாட்டார்.

அத்தனையும் அவர் கட்டிய கதை. அந்தப் பெண் மட்டும் நிஜம். அவள் கடலில் மூழ்கவில்லை; வெளியூர் பஸ் ஏறிப் போனாள். அதற்கு முன் இரண்டு வருடம் படகுத்துறை டிக்கெட் கவுண்டரில் இருந்தாள். அவள் போன மறுவருடம் பாறைக்கு இந்தக் கதை வந்து சேர்ந்தது. மைக் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பெண் பார்த்துப் பார்த்து அவருடைய அக்கா ஓய்ந்துபோனாள். பதினைந்து வருடம் தினம் நாலு தடவை சொன்னதில், கல்லின் மேல் காத்திருந்தது தான்தான் என்று அவரே நம்பத் தொடங்கியிருந்தார்.

ஒரு நாள் காலை முதல் நடைக்கு அவள் ஏறினாள். முகத்தைப் பார்த்து அல்ல, கவுண்டர் நாட்களின் அதே பழக்கப்படி டிக்கெட்டை நான்காக மடித்துக் கைக்கடிகாரப் பட்டைக்குள் செருகியதைப் பார்த்துத்தான் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கூடவே கணவர், பத்து வயது மகள். கணவர் நல்ல மனிதராகத் தெரிந்தார். அதுதான் வயிற்றெரிச்சல்.

இன்று கதையை விட்டுவிடலாமா என்று யோசித்தார். ஆனால் இத்தனை வருடம் தான் பட்ட பாடு அவளுக்குத் தெரிய வேண்டாமா? ஒரு சொட்டுக் கண்ணீராவது அவள் விட வேண்டும் என்று மனசு அடம் பிடித்தது. ஆகவே பாறைக்குப் பக்கத்தில் படகு நின்றதும், அதுவரை சொல்லாத அளவுக்கு உருகி உருகிச் சொன்னார்.

மகள்தான் அழுதாள். "அந்த அக்கா நிஜமாவே செத்துட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். அம்மா தூண்டில் நரம்பைப் பாட்டிலில் சுற்ற ஆரம்பித்தாள்.

கரையில் இறங்கும்போது கணவரையும் மகளையும் முன்னால் நடக்கச் சொல்லிவிட்டு, பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க அவரிடம் வந்தாள்.

"நல்லா சொல்றீங்க. ஆனா கல்லு மேல நின்னது நான்."

பாட்டிலை வாங்க மைக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"நான் ஊரை விட்டுப் போற அன்னைக்கு, போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், நாலு மணிக்குக் கல்பாதைக்கு வந்துடுங்கன்னு சொல்லியிருந்தேன். மூணு தடவை படகு என்னைத் தாண்டிப் போச்சு. மூணு தடவையும் கையாட்டினேன். நீங்க மைக்ல, கரையில நிக்கிறவங்களுக்கு எல்லாரும் டாட்டா சொல்லுங்கன்னு சொன்னீங்க." சற்று நிறுத்தினாள். "நாப்பது பேர் கையாட்டினாங்க. அதுல உன் கை எதுன்னு எனக்குத் தெரியல."

'உன்' என்று வந்துவிட்டதை அவளும் கவனித்திருக்க வேண்டும். பாட்டிலை அவர் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

உண்மைதான். அன்று அவர் அவளைப் பார்த்தார். நீலக் குடையோடு நின்றாள். கரையை ஒட்டி இன்னொரு சின்னச் சுற்று போகலாம் என்று பயணிகள் கேட்டார்கள். இறங்கியிருக்கலாம், யாரும் பிடித்து வைக்கவில்லை. போகாதே என்று சொன்னால் அப்புறம் ஒரு குடும்பம், வீடு, பொறுப்பு என்று பயம். அடுத்த சுற்றில் இறங்கிக்கொள்ளலாம், அடுத்த சுற்றில் என்று தள்ளிப்போட்டார். வாயில் வந்தது டாட்டாதான். நான்காவது சுற்றில் கல்பாதை காலியாக இருந்தது. இதைத்தான் பதினைந்து வருடமாகப் புயல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நெஞ்சு வலித்தது. பழைய வலிதான், ஆனால் இதுவரை அதற்கு அவளைத்தான் குற்றம் சொல்லியிருந்தார்.

அடுத்த நடைக்கு ஆட்கள் ஏறிவிட்டார்கள். படகு சுவரை ஒட்டித் திரும்பியபோது, கல்பாதையில் அவர்கள் மூவரும் கலங்கரை விளக்கத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். பயணிகள் மைக்கின் முகத்தைப் பார்த்தார்கள். இந்த இடத்தில் ஏதோ சொல்வார் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள்.

அவர் மைக்கை ஆஃப் செய்து இருக்கையில் வைத்தார். முதல் முறையாகக் கரைப்பக்கம் திரும்பி நின்று, தன் வலது கையை மட்டும் உயர்த்தினார். படகில் வேறு ஒரு கையும் மேலே எழவில்லை. இந்தத் தடவை யார் கை என்று யாருக்கும் சந்தேகம் வராது. மகளின் தோளில் கை போட்டபடி அவள் எதிரே பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.

"என்னப்பா, மைக் ரிப்பேரா?" என்று பின்னாலிருந்து படகு ஓட்டுபவர் கேட்டார்.

"ஆமாண்ணே," என்றார், கையை இறக்காமலே.